முட்டும் கிருமி

மதிய வெயில் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் திரையில் மஞ்சளாகத் தேங்கி நிற்கிறது. மலேரியா ஆராய்ச்சி செய்பவள் மைக்ராஸ்கோப் காட்டும் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். விதை மாதிரி ஒரு கிருமி சிவப்பணுவின் மேல் வந்து முட்டுகிறது. சிவப்பணு நெளிந்து கொடுக்கிறது. கிருமி மெல்ல உருண்டு தன் கூர்முனையை அதன் மேல் திருப்பி வைக்கிறது. முனையிலிருக்கும் புரதம் பிடித்துக்கொண்டால் உள்ளே நுழைந்துவிடும். அந்தப் புரதத்தை மூடிவிடும் என்று நம்பி அவள் தயாரித்த மருந்து அந்த ரத்தத்துளியில் கலந்திருக்கிறது. கைப்பேசி அதிர்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி மனைவி. "அண்ணி, இவருக்கு மறுபடியும் குளிர் தூக்கிப் போடுது. மருந்தை மாத்திப் பாக்கலாம்னு டாக்டர் சொல்றார்." "இதோ கிளம்பிட்டேம்மா. போர்வையை நல்லா இழுத்துப் போத்திவிடு." வாய் சொல்கிறது, கால் எழவில்லை. சிவப்பணுவுக்கு வெளியே இருந்தால் சில நிமிடங்கள்தான் அந்தக் கிருமிக்குத் தெம்பு. அது முட்டுகிறது, நழுவுகிறது, மறுபடி முட்டுகிறது, பிறகு அசையாமல் கிடக்கிறது. "உள்ள போகல மேடம்," என்கிறான் பின்னால் நிற்கும் உதவியாளன். படத்தின் ஓரத்தில் வேறொரு சிவப்பணு குலுங்கி அடங்குகிறது. அதற்குள் புள்ளியாக இன்னொரு கிருமி தெரிகிறது. துண்டிக்காத கைப்பேசியில் தம்பியின் பற்கள் தந்தியடிப்பது கேட்டுக்கொண்டே இருக்கிறது.