குடிக்கிற பொண்ணு

"பாருங்க, நல்லாக் கண்ணைத் தொறந்து பாருங்க!"

அர்ச்சுனன் செல்போனை மாதப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோவில் மாதப்பனின் மகள் கோகிலவாணி, பெங்களூரு ஓட்டல் ஒன்றில், சிவப்பு ஒயினை வாய் நிறைய உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அர்ச்சுனனின் மகன் திருமாலுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"ஓட்டல்ல வேலைன்னீங்க. குடிக்கிற வேலைன்னு சொன்னீங்களா? சம்பந்தியாம் சம்பந்தி! எந்தம்பியைக் குடிக்குத்தாங்க வாரிக் குடுத்தேன். அன்னிலேருந்து அந்தச் சனியன் என் வூட்டு வாசப்படியை மிதிச்சதில்ல. இந்தக் கல்யாணம் நடக்காது, அவ்வளவுதான்!"

பாலக்கோடு தக்காளி மண்டியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மாதப்பன், தன் வீட்டுக் கூடத்திலேயே கைகட்டி நின்றார். அர்ச்சுனனோடு வந்திருந்த திருமால், தலையைக் குனிந்தபடி ஓரமாக நின்றான். அப்பா கத்தினால் அவன் எப்போதும் அப்படித்தான்.

உள்ளேயிருந்து கோகிலவாணி வந்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று பார்த்தால், கையில் பாட்டிலோடு வந்து நிற்கிறாள்! அர்ச்சுனனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"என்னா தைரியம் இருந்தா எம் முன்னாடியே இதை எடுத்தாருவ?"

"பிரான்ஸ் ஒயினுங்க மாமா. அடுத்த வாரம் பரீட்சை, அதுக்கு வாங்குனது. எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு சேரும்னு வர்றவங்களுக்குச் சொல்றதுதான் என் வேலை. குடிக்கிறதில்ல. அஞ்சு நிமிசம் பாருங்க. அப்புறமும் நிறுத்தணும்னா நிறுத்திக்கங்க."

அளவு டம்ளரில் முப்பது மில்லி அளந்து கிளாஸில் ஊற்றினாள். அதைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனவள், சட்டென்று நிமிர்ந்து திருமாலைப் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வாசனை கலக்குது."

"எத்தினி வாட்டி சொல்றது, சென்ட்டைக் கொடம் கொடமா ஊத்திக்காதடான்னு!" அர்ச்சுனன் மகன்மேல் எரிந்து விழுந்தார். "இப்ப ஒரு மாசமாத்தான் இந்தக் கூத்து. போடா அந்தண்ட!"

திருமால் வாசல் பக்கம் நகர்ந்தான். அவள் மறுபடி முகர்ந்தாள்.

"நாவப்பழ வாசனை. அதுக்குப் பின்னால ஈர மரக்கட்டை." கிளாஸில் இருந்ததை ஒரே வாயாக உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, அப்படியே அளவு டம்ளரில் துப்பினாள். "துவர்ப்பு சாஸ்தி. ஆட்டுக்கறி வறுவலோட குடுத்தா, கறியில இருக்கிற கொழுப்பு அதை அடக்கிடும். கருவாட்டோட குடுத்தா, இரும்பை நக்குன மாதிரி ஆயிடும்."

டம்ளரை அவரிடம் நீட்டினாள். "அளவைப் பாருங்க மாமா."

அர்ச்சுனன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பது மில்லிக் கோட்டிலேயே நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

அவ்வளவுதான், கோபம் அப்படியே வேறு பக்கம் திரும்பிவிட்டது. "வீடியோவுல துப்புறதை வெட்டிட்டு மிச்சத்தை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கான் பாருங்க, எவனோ ஒரு களவாணிப் பய! அவன் மட்டும் கையில சிக்கட்டும், தோலை உரிச்சிப்புடறேன்!"

கொஞ்ச நேரம் யாரை யாரையோ திட்டித் தீர்த்தவர், மாதப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, புத்தி கெட்டுப்போய்க் கத்திட்டேன். வாய்க்குள்ள போனதையே முழுங்காம துப்புற பொண்ணு எங்களுக்குக் கெடச்சிருக்குது. குறிச்ச நாள்ல கல்யாணம் நடக்குங்க!"

மாதப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "காப்பி போடுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கோகிலவாணி மட்டும் அசையவில்லை. இப்போது கோபம் அவள் முகத்தில் இருந்தது.

"நடக்காதுங்க மாமா" என்றாள்.

"ஏம்மா? நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேன் இல்ல?"

"உங்க பையன் காலையிலயே பிராந்தி குடிச்சிட்டு வந்திருக்காரு."