சல்லடையில் கிடந்த பின்னல்

ஒரே தொட்டியில் சோளமும் தட்டைப்பயறும் கலந்து விதைத்து எழுபது நாள் ஆகியிருந்தது. மண்ணுக்கடியில் இரண்டின் வேர்களும் எப்படிச் சேர்ந்து வளர்கின்றன என்பதுதான் அமலோற்பவத்தின் ஆராய்ச்சி. ஒரு இழைகூட அறாமல் மண்ணைக் கழுவி எடுக்க மூன்று பகல் பிடித்தது. விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. சல்லடையில் கிடந்த பின்னலைப் படம் பிடிக்க கேமரா எடுத்துவரப் போனாள்.

திரும்பியபோது அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் தாணுலிங்கம் கத்தரிக்கோலோடு நின்றிருந்தார். மேசையில் சோள வேர் ஒரு கட்டு, பயற்று வேர் ஒரு கட்டு.

“சிக்கிக் கெடந்த எடத்தையெல்லாம் நறுக்கிப் போட்டுட்டேம்மா. படிவத்துல ரெண்டு கட்டந்தானே இருக்கு? எடை போடு.”

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

“அந்தச் சிக்கலைப் பாக்கத்தான சார் வளத்தேன்?”

“எடை வந்தா போதும்மா.”

அவள் குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள். டீ கப்புகளுக்கு நடுவே கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தராசில் வைத்தாள். இரண்டு கட்டுகளையும் சேர்த்தாலும் அந்தக் குவியலின் எடைக்கு வரவில்லை. படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்து, பேனா மேசையில் கோடு இழுத்தது.

“அதுக்கு என்னன்னு பேரு எழுதுவ?” என்றார் அவர்.

“வெட்டினது நீங்க. நீங்களே எழுதுங்க சார்.”

பேனாவை நீட்டினாள். அவள் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அவர் கையில் கத்தரிக்கோல் இன்னும் திறந்தே இருந்தது.