பத்து வருஷம் தாங்காத வீடு

"மண்ணையும் சுண்ணாம்பையும் குழைச்சு வீடு கட்டுவாங்களாம், அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாம்! பத்து வருஷம் தாங்குமாம்மா இது?"

அனுமதி கொடுக்க வந்த அதிகாரி கோப்பை மேசைமேல் விட்டெறிந்தார். கொத்தனாரக்காவுக்குச் சுருக்கென்றது. பதினோரு குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் கையாலேயே குறைந்த செலவில் வீடு கட்டிக்கொள்ள, இரண்டு வருடம் நடையாய் நடந்து இவரை வரவழைத்திருந்தார்கள். இன்றும் கையெழுத்து விழாவிட்டால் இன்னொரு மழைக்காலம் தகரக் கொட்டகையில்தான். அவள் தம்பி பெண்டாட்டி கைக்குழந்தையோடு ஒழுகாத மூலை தேடி அலைய வேண்டும்.

"சிமென்ட்ல கட்ட எங்களுக்கு வசதி இல்லைங்க. மண்ணு எங்க வயல் மண்ணு. வைக்கோல் எங்க வைக்கோல். வேலையும் நாங்களே செஞ்சுக்குவோம்."

"வசதி இல்லேன்னா வயல்ல பாதியை வித்துட்டுக் கட்டுங்க. பழைய விதை, பழைய விவசாயம்னு எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

அந்த வயலில் இறங்கி உழுகிறவன் தம்பி. அவனுக்குப் பொறுக்கவில்லை. "வயலை வித்துட்டு வீட்டுக்குள்ள உக்காந்து எதைச் சார் திங்கறது? சுவரையா?"

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்லை!"

அதிகாரி கழுத்து வியர்வையைத் துடைத்தபடி சுற்றிலும் பார்த்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த ஓட்டு வீட்டுக்குள்ளே மின்விசிறிகூட இல்லை, ஆனாலும் குளுகுளுவென்றிருந்தது. ஒரு பக்கம் விதைநெல் மூட்டைகள். எழுந்து போய்ச் செதுக்கு வேலை செய்த கதவைத் தடவினார், சுவரைத் தட்டினார்.

"இதைப் பாருங்க. இதுக்குப் பேர் வீடு! நூறு வருஷமாவது இருக்கும். ஒரு விரிசல் உண்டா? அந்தக் காலத்து ஆளுங்க கட்டினது. உங்களுக்கெல்லாம் இது வருமா?"

"சார், இந்தச் சுவரே..."

"குறுக்கே பேசாதீங்கம்மா! அருமை தெரிஞ்சிருந்தா, இப்படிப்பட்ட வீட்டுல மூட்டை அடுக்குவீங்களா?"

முப்பது வருடமாகச் சுவர் எழுப்புகிறவள் அவள். அவளுக்கே சுவரைப் பற்றிப் பாடம்! வந்த ஆத்திரத்துக்கு, கையில் பூச்சுக் கரண்டி இல்லாதது அவருடைய நல்ல நேரம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரிங்க. அப்ப இது உறுதியான வீடுதான்னு எழுதிக் குடுங்க. வாய் வார்த்தை வேணாம்."

"தாராளமா!"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா ஒரு முறை முறைத்தாள். அடங்கிவிட்டான்.

'சுவரும் கூரையும் மிக உறுதி. இன்னும் நூறாண்டு நிற்கும். மக்கள் குடியிருக்கத் தகுந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார் அதிகாரி. அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி, நேரமாச்சு. மாதிரிக்கு ஒரு வீடு கட்டி வெச்சிருக்கறதா கோப்புல எழுதியிருக்கீங்களே, அதைக் காட்டுங்க. அந்த மண்ணு வீட்டு லட்சணத்தையும் பார்த்துட்டு, முடியாதுன்னு எழுதிட்டுக் கிளம்பறேன்."

"எங்கேயும் போக வேணாம் சார், ஒரு மணி நேரமா அதுக்குள்ளதான் உக்காந்திருக்கீங்க. ஓடும் கதவும் இடிஞ்ச வீட்டுல எடுத்தது, சுவரு மட்டும் போன வருஷம் நான் எழுப்பினது!"