ஒரு மணிச் சங்கு

"ஒரு மணிக்குச் சங்கு ஊதினா மவன்ட வாப்பா ஒரு நிமிஷமும் இரிக்க மாட்டார், மிஸ்" என்றாள் நபீஸா.

பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டே, "எங்க இருக்கிறார்?" என்று கேட்டாள். கண்ணாடி போட்டவள். பெயர் கமலாதேவி என்றும், இந்தத் துறைமுகக் கந்தோரில்தான் வேலை என்றும் மட்டும் சொல்லியிருந்தாள்.

"அந்தா, மரத்தடியில. மா மூட்டை இறக்கி வெள்ளையாப் போய் இரிக்காரே, அவர்தான்."

கவிழ்த்த பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து அவள் கணவர் ஸஹாப்தீன் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் பள்ளிக்கூட வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு மணிச் சங்கோடு முடியும் தொழிலாளரின் மதிய இடைவேளைக்கென்று ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. பன்னிரண்டு மணிக்கே தொடங்கியிருக்க வேண்டும். கிண்ணியாப் பிள்ளைகளை ஏற்றிவந்த பாதைப் படகு நடுத்துறையில் நின்றுபோனதில் இருபது நிமிடம் பிந்திவிட்டது.

"உங்கட மகன் எத்தனையாவது?"

"கடைசி. முனாப். கிளாரினெட்டில தனியா ஒரு பாட்டு."

"மாஸ்டரிட்டச் சொல்லி முன்னுக்கு விடலாமே?"

"கேட்டுப் பாத்தன், மிஸ். நிரல் அடிச்சாச்சாம், மாத்த ஏலாதாம்."

முன்வரிசையில் இருந்த பிரதம லிகிதர் சோமசேகரம் திரும்பினார். "ஆர் வாசிச்சாலும் வாசிக்காட்டியும் சங்கு சங்குதான், தங்கச்சி" என்று கந்தோர்க் கூரையில் இருந்த மின்சாரச் சங்கைக் காட்டினார். "இருபது வருசமா என்ர மணிக்கூட்டை அதைக் கேட்டுத்தான் சரி பாக்கிறனான்."

அவர் திரும்பிக்கொண்டதும் கமலாதேவி குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்குத் தகப்பன் கேக்காட்டி என்ன?"

"கிளாரினெட்டைத் திருப்பிக் குடுத்திட்டு மூட்டை இறக்க வரட்டும் எண்டு சொல்லிட்டார். ஊதினாச் சோறு வருமா எண்டு கேக்கார். ஒருக்காக் கேட்டுட்டு முடிவைச் சொல்லுங்க எண்டு நான்தான் கெஞ்சினன்."

"வீட்டில கேக்கேல்லையோ?"

"வாப்பாட சைக்கிள் சத்தம் கேட்டாலே பெட்டிக்குள்ள வெச்சிருவான்."

வீட்டில் முனாப் வாசிக்கும்போது நபீஸா குசினியில் தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுவாள். எந்த இடத்தில் அவனுக்கு மூச்சு முட்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கணவர் கேட்காமலே வேண்டாம் என்றால் தாங்கிக்கொள்ளலாம். கேட்டுவிட்டும் வேண்டாம் என்றால்? அந்தப் பயத்தை அவள் தனக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

ட்ரம்பெட்காரர் நால்வர் எழுந்தார்கள். பித்தளை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கமலாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள்.

"எனக்கு வேலை கிடக்கு."

"இது முடிய அவன்தான், மிஸ். கொஞ்சம் இரிங்களன்."

"ஏலாது. நேரம் போயிட்டுது." திரும்பிப் பாராமல் நடந்துவிட்டாள்.

நபீஸாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. முன்பின் தெரியாதவளிடம் வீட்டுக் கதையெல்லாம் கொட்டினேனே என்றிருந்தது. கந்தோரில் இருக்கிறவர்களுக்கு ஒரு பிள்ளை ஊதினால் என்ன, ஊதாவிட்டால் என்ன? கதிரையில் மாட்டியிருந்த குடையைக்கூட மறந்துவிட்டுப் போயிருந்தாள். அவ்வளவு அவசரம்.

ட்ரம்பெட்டுகள் ஓய்ந்தன. முனாப் வந்து நின்று, உதட்டை நனைத்துக்கொண்டு தொடங்கினான்.

நபீஸா பாட்டைக் கேட்கவில்லை. கூரையில் இருந்த சங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ ஊதப்போகிறது. இல்லை, இதோ. மூச்சு முட்டும் இடம் வந்தது. பிடித்துக்கொண்டாள். அவன் தாண்டிவிட்டான்.

பிறகுதான் மரத்தடிப் பக்கம் பார்க்கத் துணிந்தாள். ஸஹாப்தீனின் கை சோற்றுக்குள் அப்படியே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

பாட்டு முடிந்து கைதட்டலும் அடங்கிய பிறகு சங்கு ஊதியது.

சோமசேகரம் தன் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் குலுக்கினார். "கோதாரி, ஆறு நிமிசம் முந்தி ஓடுது" என்று முள்ளைப் பின்னுக்குத் திருகினார்.

ஸஹாப்தீன் பாதிச் சோற்றோடு பார்சலை மடித்துக்கொண்டு நபீஸாவிடம் வந்தார். மகன் நின்ற பக்கம் பார்க்காமல், "நடுவில ஒண்டு வருதே, புள்ள, மேல ஏறிப் போய் மெதுவா இறங்குறது... அதை ராவைக்கு வீட்டில ஒருக்கா வாசிக்கச் சொல்லு" என்றார். பிறகு இறங்குதுறைக்கு ஓடினார்.

நபீஸா பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் குடை கையில் தட்டியது. பியோனைக் கேட்டுக்கொண்டு மாடியில் இருந்த டெலிபோன் அறைக்கு ஏறினாள். உள்ளே கமலாதேவி தனியாக இருந்தாள். யன்னல் அகலத் திறந்திருந்தது.

"குடையை விட்டுட்டு வந்திட்டீங்க" என்று நீட்டினாள். மனத்தில் இருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது. "மவன் வாசிச்சதையும் கேக்காம."

"கேட்டனான்" என்றாள் கமலாதேவி, மேசையோரத்தில் இருந்த சங்கின் கறுப்பு விசையைத் தொட்டுக் காட்டி. "முடியும் வரைக்கும் கேட்டுப்போட்டுத்தான் இதை அமுக்கினனான்."