பெக்கெலேயின் மகள்

அமெரிக்காவின் மார்ச் மாத வெயில் கண்ணாடிக் கதவு வழியே வந்து மேசைமேல் கிடக்கிறது. பல்லைக் கிட்டவைக்கும் குளிரில் அது பேருக்குத்தான் வெயில். வருமான வரி எழுதிக் கொடுக்கும் டார்லீன் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கிறாள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து தாக்கல் பண்றீங்க. பேர் சரியான்னு பாத்துக்கோங்க." ஷிமெலிஸ் உடனே தலையாட்டுகிறான். அடிஸ் அபாபாவிலிருந்து இப்போதுதான் வந்து சேர்ந்த அவன் மனைவி அஸ்டெர் ஆட்டவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகியபடி திரையையே பார்க்கிறாள். "அஸ்டெர் பெக்கெலேன்னு போட்டிருக்கே, பெக்கெலே உங்கப்பா பேராச்சே," என்கிறாள் தங்கள் மொழியான அம்ஹாரிக்கில். ஷிமெலிஸ் குரலைத் தாழ்த்துகிறான். "இங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேர் இருந்தாத்தான் நம்புவாங்க. நான்தான் அப்படி எழுதிக் குடுத்தேன். பேசாம கையெழுத்துப் போடு." பேனாவை அவள் கையில் திணிக்கிறான். அவர்கள் கல்யாணம் நிஜம் என்று குடியேற்ற அலுவலகத்தில் காட்டப்போவது இந்தத் தாளைத்தான். "என்னைப் பெத்தவர் வோல்டே. ரெண்டு பேருக்கு ஒரே அப்பன் பேர் இருந்தா, நம்ம ஊர்ல அவங்களை என்னன்னு சொல்லுவாங்க?" மூலையில் அச்சு இயந்திரம் ஒரு வெறுந்தாளைத் துப்பிவிட்டு ஓய்கிறது. "என்ன சொல்றாங்க?" என்கிறாள் டார்லீன். "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா இருக்காம்." அவன் தான் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டான் என்று அந்தச் சிரிப்பிலேயே அஸ்டெருக்கு விளங்கிவிடுகிறது. பேனாவை மேசையில் வைக்கிறாள். தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடி எடுக்கிறாள். திரையில் தன் பெயரைத் தொட்டு, பிறகு கணவனின் மார்பைத் தொட்டு, "பிரதர்" என்கிறாள் தெளிவாக. டார்லீனின் விரல்கள் விசைப்பலகையிலிருந்து மெல்ல எழுகின்றன.