கடைக்காரர் சேர்த்த ஜோடி

கூண்டின் மேல் கம்பில் யார் உட்காருவது என்று பச்சைக் கிளிக்கும் நீலக் கிளிக்கும் தினமும் சண்டை. அன்றும் அவை மூக்கோடு மூக்கு மோதிக்கொண்டிருந்தபோதுதான், புதிதாகக் கல்யாணமான குணசேகரும் பூங்கோதையும் அந்தப் பறவைக் கடைக்குள் நுழைந்தார்கள். இருவரும் அதுவரை ஒரு கோழிகூட வளர்த்ததில்லை.

“அச்சோ, முத்தம் கொடுத்துக்குதுங்க பாருங்க!” என்றாள் பூங்கோதை.

“லவ் பேர்ட்ஸ்மா, ஜோடியாத்தான் தருவோம்” என்றார் கடைக்காரர்.

இரண்டும் ஒத்துப்போகுமா என்று குணசேகர் கேட்கவில்லை. கூண்டு என்னென்ன கலரில் கிடைக்கும் என்று கேட்டான்.

“இவனோடயா? என்னை அந்த மஞ்சக் கிளியோட அனுப்புங்கய்யா!” என்று நீலம் கத்தியது.

“என்னமா பாடுது!” என்று பூங்கோதை பூரித்துப்போனாள்.

வீட்டுக்கு வந்த புதுக் கூண்டில் இருந்தது ஒரே ஒரு கம்பு. வேறு வழியில்லாமல், ஆளுக்கொரு முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தன.

மூன்றாம் நாள் சாயங்காலம் பூங்கோதை ஃபேனை ஐந்தில் வைத்தாள். குணசேகர் எழுந்துபோய் இரண்டுக்குக் குறைத்தான். அவள் மறுபடி ஐந்தில் வைத்தாள். அவன் நிறுத்தியே விட்டான். அப்புறம் இருவரும் சோபாவின் ஆளுக்கொரு முனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பச்சை முதல்முறையாக நீலத்தின் பக்கம் நகர்ந்து வந்தது.

“பார்த்தியா இவங்களை?”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றது நீலம். “பாவம், எந்தக் கடைக்காரனோ ஜோடின்னு சொல்லித் தலையில கட்டிட்டான் போல.”