நடந்து போன வீடு

"றெமிக்கு மட்டும் சொல்லாதையுங்கோ," என்றாள் ரதி.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமென்றால் அவள் இன்றைக்கும் எடுத்துவிடுவாள். ஆனால் அன்றைக்கு உறுதியாகத்தான் சொன்னாள்.

அவள் கணவர் சண்முகநாதன் தலையைச் சொறிந்தார். "கேள்விப்பட்டால் மனம் நோவான்."

"நோகட்டும். போனமுறை நாங்கள் வீடு மாறேக்கை ஏழெட்டுப் பெடியளைக் கூட்டிக்கொண்டு வந்து, என்ரை கண்ணாடி அலுமாரியையும் உடைச்சு, சோத்துப் பானையையும் வழிச்சுத் துடைச்சிட்டுப் போனவர். பிக்கரிங்கிலை, புது வீட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைக்காரர். அங்கையும் வந்து கூச்சல் போட்டால் நான் தலை காட்டேலாது."

சண்முகநாதன் வீடு மாற்றிக் கொடுக்கிற கொம்பனி ஒன்றுக்குப் போன் எடுத்தார்.

ரதி சொன்னதில் பிழையில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ரொறன்ரோவில் எந்தத் தமிழர் வீடு மாறினாலும் றெமி என்கிற றெமிஜியஸ் கேளாமலே வந்து நிற்பான். கட்டிலைத் தூக்குவான், சுவரைக் கீறுவான், கடைசியில் "அக்கா, சோறு போடேல்லையோ?" என்று சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடுவான். ஒரே ஏஜென்சிக்காரனிடம் ஏமாந்து, கனடா வருகிற வழியில் சண்முகநாதனோடு இந்தோனேசியாவில் மாதக்கணக்காகச் சிக்கிக் கிடந்தவன். வழியில் கூட வந்தான் என்பதற்காக ஒருத்தனை ஆயுள் முழுக்கச் சுமக்க முடியுமா என்பது ரதியின் கேள்வி.

மாதக் கடைசியில் ஒரு கொம்பனி லொறி வந்தது. புது அலுமாரியில் ஒரு கீறல்கூட விழாமல் எல்லாம் பிக்கரிங் போய்ச் சேர்ந்தது. ரதிக்குப் பரம திருப்தி.

அடுத்த சனிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். சண்முகநாதனின் வேலையிடத்துக் கணக்காளர் ஸ்ரீஸ்கந்தராசா மனைவியோடு விட்பியிலிருந்து வந்திருந்தார். வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல காணி," என்றார்.

சண்முகநாதனுக்கு வாய் துறுதுறுத்தது. "நாங்கள் இந்தோனேசியாவிலை நிண்ட ஊரிலை காணி ஒருத்தன்ரை, வீடு இன்னொருத்தன்ரை."

"அதெப்பிடி?"

"மரவீடு. கால் வைச்சு உயரத்திலை நிக்கும். காணிக்காரன் தன்ரை நிலத்தைத் திருப்பிக் கேட்டால் சண்டை இல்லை, கோடு வழக்கு இல்லை. வீட்டுக்காரன் வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறை காணிக்குப் போயிடுவான்."

"கழட்டியோ?"

"முழுசா. அடியிலை மூங்கிலைக் கட்டி, ஊர் ஆம்பிளையள் எல்லாரும் தோளிலை வைச்சு நடப்பினம். பொம்பிளையள் சமைச்சு வைச்சிருப்பினம். தூக்கினவன் சாப்பிடாமல் போனால் வீட்டுக்காரனுக்கு அவமானம். எங்களை வைச்சிருந்த மனுசன்ரை வீட்டையும் அப்பிடித்தான் கொண்டு போனவை. அந்த ஊருக்கு றோட்டே இல்லை. டவுனுக்குப் போறதெண்டால் சந்தைப் படகு வருமட்டும் காத்திருக்கோணும். ஏஜென்சிக்காரன் வருவான் எண்டு நாங்கள் கடலைப் பாத்துக்கொண்டிருந்த காலம்."

"நீங்களும் தூக்கினீங்களோ?" என்று ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி கேட்டார்.

சண்முகநாதன் ஒரு கணம் தயங்கினார். "பின்னை? முன்மூலையிலை நான்தான்."

ரதி இந்தக் கதையைப் பலதரம் கேட்டவள்தான். ஆனாலும் புது வீட்டில், நாலு பேருக்கு முன்னால் கேட்கப் பெருமையாக இருந்தது.

அப்போது கதவு மணி அடித்தது.

வாசலில் றெமிஜியஸ். தோளில் ஒரு பெரிய அரிசிப் பை. ரெயினில் வந்து, ஸ்டேஷனிலிருந்து அதைச் சுமந்துகொண்டே நடந்திருக்கிறான்.

"புது வீட்டுக்கு வெறுங்கையோடை வரக்கூடாதெல்லோ, அக்கா."

ரதியின் முகம் சுருங்கிப்போனது. "அட்ரஸ் ஆர் தந்தது?"

"பழைய பில்டிங்கிலை கேட்டு எடுத்தனான். நீங்கள் மாறப்போறியள் எண்டு கேள்விப்பட்டு, மாதக் கடைசிதானே எண்டு போன கிழமை வானும் பெடியளுமாய் அங்கை போனனாங்கள். வீடு வெறுமையாக் கிடந்தது. பரவாயில்லை, எங்களுக்கு முதுகு தப்பிச்சுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நாலு ஏச்சு ஏசியிருந்தால் ரதிக்கு அவ்வளவு குத்தியிருக்காது.

சண்முகநாதனோடு இந்தோனேசியாவில் இருந்தவன் என்று ரதி அவனை வந்தவர்களுக்கு அறிமுகப்படுத்தினாள். ஸ்ரீஸ்கந்தராசா விடவில்லை. "நீரும் அந்த ஊரிலை நிண்டனீரோ? வீடு தூக்கினனீரோ?"

சண்முகநாதன் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். றெமிஜியஸ் அவரை ஒருதரம் பார்த்தான்.

"அண்ணைதான் முன்னுக்கு நிண்டவர். நான் வழமைபோலை சோத்துக்கு நிண்டனான்."

எல்லாரும் சிரித்தார்கள். ரதியும் சிரித்தாள். சிரித்தபடியே அவனுக்குச் சாப்பாடு போட்டாள். அவன் இரண்டாம்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

வந்தவர்கள் புறப்பட, றெமிஜியசும் எழும்பினான். சப்பாத்துப் போடுகிறவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள் ரதி. மனசு கேட்கவில்லை.

"குறை நினையாதையும் றெமி. உமக்குச் சொல்லியிருக்கோணும். நான்தான் அவரை மறிச்சனான்."

"அதுக்கென்ன அக்கா. உங்களுக்கும் ஆயிரம் வேலை."

வெளியே நவம்பர்க் காற்று வீசியது. ஸ்ரீஸ்கந்தராசாவின் காரை வழியனுப்ப, சண்முகநாதன் வெறும் சேட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

றெமிஜியஸ் கதவோரக் கொளுவியில் தொங்கிய அவருடைய ஜக்கெற்றை எடுத்து ரதியின் கையில் கொடுத்தான்.

"முதல் இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ. அண்ணைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. உங்களுக்குத் தெரியும்தானே, மலேரியாவிலை நடுங்கினவரைக் கீழை இறக்கினால் செத்துப்போவார் எண்டு, அவரை உள்ளுக்கை படுக்க வைச்சபடியேதானே அண்டைக்கு நாங்கள் அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தனாங்கள்."